ஐம்பத்தோராவது தட்டு

தருண். அஞ்சாம் கிளாஸ் முடிச்சு ஆறாம் கிளாஸ். தருணுக்கு டீசி வேணும் மேடம். இவ்வளவுதான். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற ஸ்டெல்லா மேடம் தலையைத் தூக்கியதும் இந்த ஒரு வரியைச் சொன்னால் போதும் என்று தவமணி உதட்டுக்குள் மறுபடியும் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். சீலையம்பட்டியில் பஸ் ஏறியதிலிருந்து இதோடு எத்தனை தடவையோ. சொல்லச் சொல்ல நன்றாகத்தான் வருகிறது, அப்புறம் டீசி என்கிற சொல்லுக்குச் சற்று முன்னால் முள்ளில் சேலை மாட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிடுகிறது. எடுத்துவிட்டு மறுபடி நடக்க வேண்டியிருக்கிறது. பெஞ்சில் அவளுக்கு முன்னால் ஐந்து பேர். ஒருவர் எழுந்து ஜன்னலுக்குப் போனால் மற்ற எல்லோரும் ஒரு இடம் நகர்ந்து உட்கார வேண்டும், முன்னால் இருந்தவரின் சூடு அப்படியே பெஞ்சில் இருக்கும், அந்தச் சூட்டின் மேல் நம் சூட்டை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். தலைக்கு மேல் காத்தாடி பேருக்குச் சுற்றியது. ஜூன் பிறந்து சாரல் காற்று மலைப்பக்கம் வந்துவிட்டது என்கிறார்கள், இந்த வராந்தாவுக்கு அது வழி கண்டுபிடித்து வருவதற்குள் தீபாவளி வந்துவிடும். திங்கள்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. காலையில் அவளுடைய புருஷன் செல்லப்பாண்டி லோடு ஆட்டோவைக் கிளப்பிக்கொண்டே சொல்லி அனுப்பியது, மூத்தவள் நிவிதாவின் டீசியை வாங்கிக்கொண்டு வா என்று. தலையை ஆட்டினாள். ஆட்டிய தலையோடு பஸ் ஏறி, ஓசி டிக்கெட்டை வாங்கிக் கையில் மடக்கியபோது, மாட்டேன், எடுத்தால் சின்னவன் டீசியைத்தான் எடுப்பேன் என்று ஒரு முடிவு உள்ளே வந்து உட்கார்ந்தது. எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. பதினாறு வருஷத்துக் குடும்பத்தில் இப்படி ஒரு முடிவை அவள் தனியாக எடுத்ததேயில்லை. அதனால்தானோ என்னவோ அது இன்னும் புதுச்செருப்பு மாதிரி கடித்துக்கொண்டிருந்தது.

திட்டம். போன ஞாயிற்றுக்கிழமை செல்லப்பாண்டி வாயிலிருந்து வந்த சொல் அது. “இனிமே வீடு ஒரு திட்டத்துல ஓடணும் தவம்” என்றான், ஏதோ அவன் தூங்குகிற நேரத்தில் வீடு எழுந்து போய் ஊதாரித்தனம் பண்ணிவிட்டு வந்த மாதிரி. சித்திரையில் நடந்த நாத்தனார் வீட்டுக் காதுகுத்தின் பத்திரிகையில் இருபது முப்பது மிச்சம் கிடந்தது, அதில் ஒன்றைத் திருப்பிப் போட்டு வெள்ளைப் பக்கத்தில் எழுதினான். முதல் வரி பால். ஒரு லிட்டர் இனிமேல் அரை லிட்டர். அப்புறம் கேபிள் கட். கறி மாசம் ஒரு தரம். புரோட்டா பார்சல் கிடையாது. கிரைண்டர் ரிப்பேர் ஆடிக்கு அப்புறம், அதுவரைக்கும் மாவு பாக்கெட் வாங்காமல் எப்படியோ. இந்த எப்படியோவுக்கு அவன் கணக்கில் விலை இல்லை, அது தவமணியின் தோள்பட்டையில் பற்று வைக்கப்படும். பூ என்று எழுதினான். பத்து ரூபாய் பூ, அதுவும் வெள்ளிக்கிழமைக்கு மட்டும், அதை எழுதி அதன் மேல் ஒரு கோடு போட்டான். அவள் எதிரில் உட்கார்ந்திருந்தாள், தலையில் போன வெள்ளிக்கிழமையின் காய்ந்த பூ இருந்தது, கை அனிச்சையாகப் பின்னந்தலைக்குப் போய்விட்டுத் திரும்பியது. டீக்கடை பட்டியலில் வரவில்லை. டீக்கடையில் நிற்காமல் ஒரு ஆம்பளை எப்படி வண்டிக்கு வாடகை பிடிப்பான், அது தொழில். எல்லாவற்றையும் கூட்டினான். மாசம் இரண்டாயிரத்துச் சொச்சம். கட்ட வேண்டியதோ பிள்ளைக்கு முப்பதாயிரம், இரண்டு பிள்ளை. யானை போன வழியைச் சாணி மெழுகி அடைக்கப் பார்த்த கதை. தருண் கட்டிலில் குப்புறப் படுத்துச் செல்லில் எதையோ சுட்டுக்கொண்டிருந்தான், நிவிதா கொடியிலிருந்து எடுத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். செல்லப்பாண்டி குரலைத் தாழ்த்தி, “ஒண்ணுக்குத்தான் கட்ட முடியும். நிவியைக் கவர்மெண்டு ஸ்கூலுக்கு மாத்திருவோம்” என்றான். “ஏங்க, அவ ஒம்பதாவது போறா. நடுவுல போயி...” “அட, அது எங்க போட்டாலும் படிச்சுக்கிரும். இவனைத்தான் தூக்கி நிறுத்தணும்.” தவமணிக்கு அன்றைக்கு வராத பதில் மறுநாள் பாத்திரம் துலக்கும்போது வந்தது, அதற்கடுத்த நாள் ரேசன் கடை வரிசையில் வந்தது, இப்போதும் வந்துகொண்டிருக்கிறது. படிக்காத பிள்ளைக்குப் படிப்பை விலை கொடுத்து வாங்குவீர்கள், படிக்கிற பிள்ளை, நல்லா படிச்சியா, சரி, எந்திரிச்சு அந்தப் பக்கம் போ. இது என்ன நியாயம்? பள்ளிக்கூடத்தில்கூட மார்க் வாங்காதவனைத்தானே பெஞ்சை விட்டு எழுப்புகிறார்கள்.

நகருங்கம்மா என்றார் பின்னால் இருந்தவர். நகர்ந்தாள். நான்கு பேர். அறுபதாயிரம் இருந்தது. இல்லாமல் இல்லை, இருந்தது, அதுதான் வயிற்றில் கிடந்து புகைகிறது. இரண்டு வருஷம் கட்டிய சீட்டைப் பங்குனியில் எடுத்து மஞ்சப்பையில் போட்டு அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்திருந்தாள், இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரு வருஷத்துக்கு, யாரையும் கேட்க வேண்டாம் என்று. அப்போதுதான் உத்தமபாளையத்திலிருந்து நாத்தனார் மலர்க்கொடி வந்து இரண்டு பெண்களுக்கும் காதுகுத்து வைத்திருக்கிறேன் அண்ணே என்று வெற்றிலை பாக்கு வைத்தாள். தாய்மாமன் மடியில் உட்கார்ந்துதான் காது குத்த வேண்டும், தாய்மாமன்தான் சீர் கொண்டுவர வேண்டும், அதில் ஒரு குறையும் இல்லை. குறை எங்கே என்றால் தாய்மாமன்கள் இரண்டு பேர். செல்லப்பாண்டியின் அண்ணன் முருகபூபதிக்குக் கம்பத்துப் பக்கம் திராட்சைத் தோட்டம் இருக்கிறது, உள்ளூரில் வீட்டு வாசலில் கார் நிற்கிறது, அவர் நாற்பத்தொரு தட்டு கொண்டுவருகிறேன் என்று சொன்னால் அவருக்கு அது ஒரு பறிப்புத் திராட்சை. செல்லப்பாண்டி பதினொரு தட்டு கொண்டுபோயிருந்தால் ஊர் என்ன, நாக்கைப் பிடுங்கிக்கொண்டா செத்திருக்கும்? விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று எழுந்து போயிருக்கும். ஆனால் டீக்கடையில் யாரோ, “ஒங்கண்ணன் நாப்பத்தொண்ணாமே பாண்டி, நீ எத்தனை?” என்று கேட்டுவிட்டான். இவன் டம்ளரை வைத்துவிட்டு, “அம்பத்தொண்ணு” என்றான். ஒரு டீ ஆறுகிற நேரத்தில் சொன்ன சொல். வீட்டுக்கு வந்து சொன்னபோது அவன் முகமே வெளிறிப்போய்த்தான் இருந்தது, ஆனால் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்குகிற வழக்கம் அவர்கள் வீட்டில் கிடையாது, அவள் சேர்த்த சீட்டுப் பணத்தை மட்டும் திரும்ப வாங்கலாம், மஞ்சப்பை அன்றைக்கே காலியானது. அப்புறம் நடந்ததெல்லாம் கல்யாண வீட்டு வேகம். ஆளுயர ஃபிளெக்ஸ், அதில் செல்லப்பாண்டி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கையைக் கட்டி நிற்கிறான், கீழே அன்புத் தாய்மாமன் என்று பெரிசாக. அந்தக் கண்ணாடி ஃபிளெக்ஸ் அடிக்கிறவனுடையது. தெருமுனையிலிருந்து கோவில் வரைக்கும் டிரம் செட், மாலை போட்ட கிடாய், வெடி. தட்டுகள் வாடகை, எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கினார்கள், திரும்பும்போது மூன்று குறைந்ததற்குத் தனியாகத் தண்டம் கட்டினாள். முதல் முப்பது தட்டில் நிஜமாகவே ஏதோ இருந்தது, பட்டுப்பாவாடை, இனிப்பு, ஆப்பிள், வெள்ளிக் கொலுசு. அதற்கப்புறம் ஒரு தட்டுக்கு ஒரு பூசணிக்காய், ஒரு தட்டுக்கு இரண்டு தேங்காய், ஒரு தட்டில் சீப்பும் கண்ணாடியும் பவுடரும், ஒரு தட்டில் ரஸ்க் பாக்கெட்டைக் கோபுரமாக அடுக்கி வண்ணக் காகிதம் சுற்றியிருந்தது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். நாற்பத்தெட்டாவது தட்டில் கல்லுப்பு. லட்சுமி அம்சம் என்று சொல்லி அதை அவளே வைத்தாள். நாற்பத்தொன்பது, ஐம்பது. அப்புறம் ஐம்பத்தொன்று... அந்த இடம் வந்ததும் தவமணி கழுத்தை நிமிர்த்திக் காத்தாடியைப் பார்த்தாள். மூன்று இறக்கை. ஒன்றின் நுனி லேசாக வளைந்திருந்தது.

மூன்று பேர். அவளுக்கு நேர் முன்னால் உட்கார்ந்திருந்தது தங்க ஃபிரேம் கண்ணாடி போட்ட ஒரு அம்மா, மடியில் கைப்பை, கைப்பையின் மேல் ரசீதுக் கற்றை. “எந்தக் கிளாஸுங்க?” என்றாள். தவமணி, “ஆறாவது” என்றாள். இது ஒத்திகை இல்லை, வாயைத் திறந்து வெளியே சொன்னது. “பையனா?” “ஆமாங்க.” “நல்ல முடிவு. பையனுக்கு ஆறாவதுலருந்து இங்கிலீஷ்ல நல்லா அடித்தளம் போட்டுரணும், அப்புறம் கவலையில்ல.” தவமணி பிள்ளையைச் சேர்க்க வந்திருக்கிறாள் என்று அந்த அம்மா நினைத்துக்கொண்டாள். இல்லைங்க, எடுக்க வந்திருக்கேன், என்று சொல்லியிருக்கலாம். சும்மா ஒரு அந்நியப் பொம்பளையிடம் சொல்வதற்கு என்ன, இவள் நாளைக்கு வீட்டுக்கு வந்து நிற்கப்போகிறாளா? தவமணி சிரித்து வைத்தாள். இவளிடமே சொல்ல வாய் வரவில்லை என்றால் அந்த ஜன்னலில் எப்படி வரும் என்று உள்ளே ஒன்று கேட்டது, கேட்கட்டும், அதற்குப் பதிலாக அவள் கணக்கை எடுத்துப் பரப்பினாள். கணக்கு அவள் பக்கம்தான் இருக்கிறது. சத்துணவில் வேலை பார்க்கிற ராக்கம்மா அக்கா சொன்னது. செல்லப்பாண்டி பெரிய கண்டுபிடிப்பு மாதிரி, “கவர்மெண்டு ஸ்கூல்ல படிச்சா நாளைக்குக் காலேஜு போறப்ப மாசம் ஆயிரம் குடுக்குறாக, தெரியும்ல?” என்றான். ராக்கம்மா அக்காவிடம் கேட்டால் அவள் கையைத் தட்டிச் சிரித்தாள். “அடி இவளே, ஆறாங்கிளாஸ்லருந்து பன்னெண்டு வரைக்கும் கவர்மெண்டுல படிச்சிருக்கணும்டி. நடுவுல ஒம்பதுல போயிச் சேத்தா ஒரு காசு வராது. ஒம் பையன் ஆறாவதுதான போறான்? அவனைப் போடு, அவனுக்கு வரும்.” இதைவிட என்ன வேண்டும்? திட்டம் திட்டம் என்கிறாயே, இதோ திட்டம். மாற்றினால் மாற்ற வேண்டியவன் தருண்தான், அவன் வகுப்பு மாறுகிற இடத்தில் நிற்கிறான், நிவிதா பாதி ஆற்றில் நிற்கிறாள். அவன் கணக்கில் முப்பத்தெட்டு எடுத்தவன், அவள் வகுப்பில் இரண்டாவது. இதைப் புதன்கிழமை சாப்பாடு போட்டுக்கொண்டே செல்லப்பாண்டியிடம் சொன்னாள், ராக்கம்மா அக்கா பேரைச் சொல்லித்தான் சொன்னாள், தன் பேரில் சொன்னால் நிற்காது என்று. அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான். கேட்டு முடித்துவிட்டு, “அண்ணன் மகன் அந்த ஸ்கூல் வேன்ல போவான், எம் மகன் அதே ரோட்டுல பையத் தூக்கிட்டு நடந்து போவானா?” என்றான். அவ்வளவுதான். நாற்பத்தொன்றும் ஐம்பத்தொன்றும் சித்திரையோடு முடியவில்லை, இன்னும் தெருவில் போய்க்கொண்டுதான் இருக்கிறது, டிரம் செட் மட்டும்தான் இல்லை.

பயம் என்று பார்த்தால் செல்லப்பாண்டியிடம் அவளுக்குப் பயம் கிடையாது. கை நீட்டுகிற ஆள் இல்லை. நாலு நாள் பேசமாட்டான், தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போவான், வண்டியிலேயே படுத்துக்கொள்வான், அது பழகினது. தருண் அழுவான். செல்லைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தரையில் உருண்டு, நான் போகமாட்டேன், சாப்பிடமாட்டேன் என்று தெருவே எட்டிப் பார்க்கிற மாதிரி கத்துவான், அதைத் தாங்க முடியாமல் அவளே ஓடிப்போய்த் தூக்கிவிடுவாள். நிவிதா அழமாட்டாள். நிவிதா, “சரிம்மா” என்பாள். சின்னதிலிருந்தே அவள் அப்படித்தான், தம்பி பிறந்தபோது தொட்டிலை விட்டு இறங்கச் சொன்னால் சரிம்மா, கேபிள் கட் என்றால் சரிம்மா, முழங்கால் தெரிகிற பாவாடைக்குத் துணி வைத்துத் தைத்துப் போட்டுக்கொள் என்றால் சரிம்மா. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இந்த வீட்டில் எத்தனை ஓட்டை அடைத்திருக்கிறோம். அழுகிறவனுக்குப் பால், அழாதவளுக்குப் பாராட்டு. அப்படியானால் தவமணி எதற்குப் பயப்படுகிறாள்? மகனின் அழுகைக்கு. இதைக் கண்டுபிடித்ததும் அவளுக்குத் தன் மேலேயே ஒரு கசப்பு பொங்கி வந்தது. வேப்பங்கொட்டையை உடைத்து வாயில் போட்டது மாதிரி. பொம்பளைப் பிள்ளை, ஆம்பளைப் பிள்ளை என்று புருஷனைக் குறை சொல்லிக்கொண்டு இருக்கிறோமே, நமக்குள்ளே உட்கார்ந்து தராசு பிடிக்கிறது யார்? இல்லை, இன்றைக்கு இல்லை. தருண், அஞ்சாம் கிளாஸ் முடிச்சு ஆறாம் கிளாஸ், தருணுக்கு டீசி வேணும் மேடம்.

நகர்ந்தாள். இரண்டு பேர். வராந்தாவின் கோடியில் புத்தக ஸ்டோர் திறந்திருந்தது. புது நோட்டின் வாசனை வந்தது, பசையும் மையும் கலந்த அந்த வாசனை, தப்பிக்க வழியில்லை, மூக்கை என்ன செய்வது. ஐம்பத்தோராவது தட்டு. வண்டி வாசலில் வந்து நிற்கிறது, செல்லப்பாண்டி ஹாரனை அடித்துக்கொண்டே இருக்கிறான், அவள் வீட்டுக்குள் தட்டுகளை இரண்டாம் தடவை எண்ணி முடித்து வாசலுக்கு வந்து, “ஒண்ணு குறையுதுங்க” என்றாள். “எதையாச்சும் வைடி, மானத்தை வாங்காத!” மானம். அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு வீடு பூராவும் ஓடினாள். அரிசி வைக்கலாமா, அரிசி ஏற்கெனவே போய்விட்டது. வெல்லம் போய்விட்டது. கடைசியில் பீரோவைத் திறந்தால் கீழ்த்தட்டில் நிவிதாவின் நோட்டுகள். பொங்கலுக்குச் சொந்தக்காரர்கள் கொடுத்த காசு, பத்தும் இருபதுமாக, அதை மூன்று மாசம் பென்சில் டப்பாவில் பூட்டி வைத்து, தேனியில் மொத்தக் கடையில் அவளே பேரம் பேசி வாங்கியது, இருநூறு பக்க நோட்டு பத்து. ஒன்பதாம் வகுப்புக்கு. ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்துவிட்டு அடுக்கி வைத்திருந்தாள். அதில் பேர் எழுதவில்லை. பள்ளிக்கூடம் திறக்கிற அன்றைக்குத்தான் பேர் எழுத வேண்டும், முன்கூட்டியே எழுதினால் ராசியில்லை என்பது அவளாக வைத்துக்கொண்ட சட்டம். பேர் மட்டும் எழுதியிருந்தால்! எழுதியிருந்தால் தவமணியின் கை அங்கே நின்றிருக்கும், பேர் எழுதின நோட்டை எப்படிச் சீர்த்தட்டில் வைப்பது. எழுதவில்லை, வெள்ளையாக இருந்தது, யாருக்கும் பொருந்துகிற மாதிரி இருந்தது. பத்தையும் எடுத்து விசிறி மாதிரி அடுக்கினாள், மேலே நிவிதாவின் ஜாமெட்ரி பாக்ஸ், கண்ணாடிக் காகிதம் சுற்றி ரிப்பன் கட்டினாள். யார் சொன்னார்கள்? செல்லப்பாண்டி எதையாச்சும் வை என்றுதான் சொன்னான், நோட்டை வை என்று சொல்லவில்லை. பின்னலில் பூ வைத்துக்கொண்டு உள்ளே வந்த நிவிதா தட்டைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். “ஸ்கூல் தெறக்கறதுக்குள்ள வாங்கித் தந்துர்றேன்டி.” “சரிம்மா.” அந்தத் தட்டை அவளே தூக்கிக்கொண்டு போனாள், வீட்டுப் பெண்பிள்ளைகள்தானே தட்டுத் தூக்க வேண்டும். வரிசையில் கடைசி ஆளாக, இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்து, டிரம் செட் காதைக் கிழிக்க, சித்திரை வெயிலில். சபையில், “படிப்புத் தட்டு கூட வச்சிருக்காகய்யா” என்று ஒரு பெரியவர் மெச்சினார். செல்லப்பாண்டி மீசையைத் தடவினான். ஐம்பத்தொன்று என்று மைக்கில் சொன்னார்கள். மலர்க்கொடியின் பெண்கள் இரண்டும் ஒன்றாம் வகுப்பும் எல்கேஜியும், இருநூறு பக்க நோட்டில் அதுகள் கப்பல் செய்து விட்டிருக்கும்.

இன்று காலையில் நிவிதா தலை சீவிக்கொண்டே சொன்னாள். அம்மா ஃபீஸ் கட்டப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டு. “ம்மா, நோட்டு இப்ப வாங்க வேணாம். ரெண்டு வருசத்துப் பழைய நோட்டுல எழுதாத பக்கமெல்லாம் கிழிச்சு, ஊசி நூல் போட்டுப் பத்து நோட்டு தச்சுட்டேன். பிரவுன் அட்டை மட்டும் பத்து வாங்கிட்டு வா. அட்டை போட்டுட்டா யாருக்கும் தெரியாது.” யாருக்கும் தெரியாது. பதிமூன்று வயசு. இவள்தான் இந்த வீட்டில் திட்டம் போடுகிறவள். பத்திரிகையைத் திருப்பிப் போட்டு எழுதுகிறவனா திட்டம் போடுகிறவன்? அந்த நேரத்தில் காற்று அடித்தது. குளியலறைக்குக் கூரையாகக் கட்டியிருந்த ஃபிளெக்ஸ் தூக்கித் தூக்கி அடித்தது, கறுப்புக் கண்ணாடி போட்ட அன்புத் தாய்மாமன் வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடந்து படபடத்தான். தவமணி சிரித்துவிட்டாள். நிவிதாவும் என்னவென்று தெரியாமலே சிரித்தாள். அந்தச் சிரிப்பை நம்பித்தான் பஸ் ஏறினாள் போலிருக்கிறது. அந்தச் சிரிப்புத்தான் டிக்கெட்டோடு சேர்ந்து முடிவாக மடிந்ததோ என்னவோ. தங்க ஃபிரேம் அம்மா எழுந்து ஜன்னலுக்குப் போனாள். ரசீது எண்ணுகிற சத்தம். தவமணி முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள், பர்ஸைத் திறந்து போன வருஷத்து வேன் பாக்கி இரண்டாயிரத்து எண்ணூறு இருக்கிறதா என்று பார்த்தாள், அது போக நாற்பது ரூபாய். அந்தப் பாக்கியும் நிவிதா பேரில்தான் இருந்தது. செல்லப்பாண்டி இரண்டு பிள்ளைக்கும் பணம் கொண்டுவரும்போது முதலில் மகனுக்குக் கட்டிவிட்டு மிச்சத்தை மகளுக்குக் கட்டுவான், மிச்சம் எப்போதும் கொஞ்சம் குறையும். தருண். அஞ்சாம் கிளாஸ் முடிச்சு. தருண். மகன் பேர்தானே, பத்து வருஷமாக ஒரு நாளைக்கு நூறு தடவை கூப்பிடுகிற பேர், இது ஏன் இப்போது அந்நியப் பேர் மாதிரி இருக்கிறது.

“அடுத்து யாரும்மா? வாங்க.”

எழுந்தாள். நான்கு எட்டுத்தான் ஜன்னலுக்கு. ஸ்டெல்லா மேடம் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், “சொல்லுங்க” என்றார். “டீசி வேணும் மேடம்.” இத்தனை நேரம் முள்ளாக நின்ற சொல் முதலிலேயே வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. “எந்தப் பிள்ளைக்கு?” ஒரு கணம். காத்தாடி ஒரு சுற்று சுற்றியிருக்கும். தருண் தரையில் உருண்டு கத்துகிறான், செல்லப்பாண்டி தட்டைத் தள்ளிவிட்டு எழுகிறான், முருகபூபதியின் பெண்டாட்டி வாசலில் நின்று, என்ன தவமணி, ஒம் மகனைக் கவர்மெண்டு ஸ்கூல்ல விட்டுட்டியாமே என்கிறாள், ஒன்றன்மேல் ஒன்றாக எல்லாம். இந்தக் கூச்சலுக்கெல்லாம் பின்னால் ஒருத்தி சத்தம் போடாமல் நின்றாள்.

“நிவிதாவுக்கு மேடம். எட்டாவது முடிச்சு ஒம்பதாவது.”

ஒரு இடத்தில்கூட மாட்டவில்லை. காலையிலிருந்து ஒரே ஒரு தடவைகூடச் சொல்லிப் பார்க்காத வரி அது. எவ்வளவு சுத்தமாக வருகிறது. இல்லை மேடம், தப்பாச் சொல்லிட்டேன், தருணுக்கு, என்று திருத்துவதற்கு நேரம் இருந்தது. ஸ்டெல்லா மேடம் பேரைத் தட்டி, மவுஸை இழுத்து, மார்க்குகள் வரும்வரை காத்திருந்தார், தாராளமாக நேரம் இருந்தது. திரையைப் பார்த்த மேடம் முதல் தடவையாகத் தலையைத் தூக்கினார். “நல்லாப் படிக்கிற புள்ளையாச்சேம்மா. ஏம்மா எடுக்குறீங்க?”

“அது எங்க போட்டாலும் படிச்சுக்கிரும் மேடம்” என்றாள் தவமணி.

சொன்ன பிறகுதான் அது யாருடைய வாக்கியம் என்று தெரிந்தது. ஆனால் வந்தது அவள் குரலில்தான். ஸ்டெல்லா மேடம் மறுபடி திரைக்குத் திரும்பினார். மேசையில் ஏற்கெனவே ஏழெட்டு டீசி கையெழுத்துக்கு அடுக்கியிருந்தது, மேலாக இருந்ததில் ரம்யா என்று ஒரு பேர், அதற்குக் கீழே துருத்திக்கொண்டிருந்ததில் ஏதோ ஸ்ரீ என்று முடிகிற பேர். தவமணி அதற்குமேல் பார்க்கவில்லை. “காரணம் பெற்றோர் விருப்பம்னு போட்டுர்றேன். எல்லாருக்கும் அப்படித்தான் போடுறது” என்றார் மேடம். வேன் பாக்கியை எண்ணி வாங்கிக்கொண்டு ரசீது கிழித்தார். விருப்பம் என்று ஒன்று தனக்கு இருந்ததா என்று தவமணி யோசித்துப் பார்த்தாள். இருந்தது. பஸ்ஸில் பதினைந்து நிமிஷமும் பெஞ்சில் ஒரு மணி நேரமும் இருந்தது. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள், த பெரிசாகவும் மற்ற எழுத்தெல்லாம் போகப் போகச் சின்னதாகவும். ஹெட்மிஸ்ட்ரஸ் உள்ளேதான் இருந்தார்கள், கால் மணி நேரத்தில் முத்திரையோடு வந்துவிட்டது. இவ்வளவு சீக்கிரமாக முடிகிற காரியம்.

ஸ்டோரில் பிரவுன் அட்டை ஒன்று நான்கு ரூபாய். பத்து வாங்கினாள், நாற்பது ரூபாயும் சரியாகப் போயிற்று, பஸ்ஸுக்குக் காசு வேண்டாம். கடைக்காரர் பத்தையும் சுருட்டி ரப்பர் பேண்ட் போடப் போனபோது, “கொஞ்சம் இருங்கண்ணே” என்று அதைக் கையில் வாங்கினாள். டீசியை மடிக்கக் கூடாது, மடித்தால் சேர்க்கிற இடத்தில் முகம் சுளிப்பார்கள் என்று செல்லப்பாண்டி காலையில் சொல்லியிருந்தான். பத்து அட்டைகளுக்கும் உள்ளே அதை வைத்து ஒன்றாகச் சேர்த்துச் சுருட்டி, ரப்பர் பேண்டை இரண்டு சுற்றாகப் போட்டாள். வீட்டுக்குப் போனதும் நிவிதா ஓடிவந்து வாங்கிப் பிரிப்பாள். வாயால் சொல்ல வேண்டியதில்லை என்று தவமணி நினைத்துக்கொண்டாள். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது.